ஐந்து தேக்கரண்டிக் காற்று

பழைய மொபெட் ஒன்றின் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் ஒரு விநோதம் கண்ணில் படும். கார்புரேட்டரின் வாயருகே மெல்லிய பனிமூட்டம்போல் பெட்ரோல் புகை மிதக்கும். முன்னால் விரலை நீட்டினால் சில நிமிடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய துளை, இழுத்ததில் கொஞ்சத்தை வெளியே துப்பிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகி வேகம் கூட்டினால் அந்த மூட்டம் குறைந்துபோகும்.

இது பழுதாலோ, மெக்கானிக்கின் கவனக்குறைவாலோ வருவதல்ல. எஞ்சின் எந்த வாசல் வழியாக மூச்சு இழுக்கிறது, அந்த வாசல் எப்போது மூடுகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. சைக்கிளில் பூட்டி ஓட்டப்பட்ட குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் குணம் முழுவதும் அநேகமாக இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். இழுவை, ஸ்டார்ட்டிங், மைலேஜ், மேடேறும் திறன் எல்லாமே அந்த வாசலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவை.

அந்த எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிறந்தவை. ஊர்கள் இடிந்து கிடந்தன. பெட்ரோலுக்கு ரேஷன். பேருந்தும் ரயிலும் போதவில்லை. மக்களிடம் மிஞ்சியிருந்தது சைக்கிள்தான். 1946இல் பிரான்சில் வெலோசோலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு இத்தாலியில் கரெல்லி நிறுவனம் 38.5 சிசியில் 'மொஸ்கிட்டோ' என்று பெயரிட்ட எஞ்சினை இறக்கியது. பெயருக்குக் கொசு என்று பொருள். அதே 1946இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய சின்னஞ்சிறு ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கி வந்து சைக்கிளில் பூட்டினார். முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்காக வைத்தது குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவையை. கிடைத்த சுமார் 500 எஞ்சின்களும் தீர்ந்துபோனதும், சொந்தமாகவே ஒன்று செய்வதென்று முடிவெடுத்தார். அந்த முடிவிலிருந்துதான் ஹோண்டா என்ற பெயர் உலகெங்கும் போனது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மூச்சுவிடும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் நேரே பிஸ்டனுக்கு மேலே போகின்றன. அதற்குத் தனி வால்வுகள் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் போவது பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் பெட்டிக்குள். பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, கலவை உள்ளே இழுபடுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை நசுங்கி, பக்கவாட்டுக் கால்வாய் வழியாக மேலே பீறிட்டு, எரிந்த புகையைச் சைலன்சர் பக்கம் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கிறது. மேலே வெடிப்பு, கீழே பம்ப். ஒரே பிஸ்டன் இரண்டு வேலையும் பார்க்கிறது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். கிராங்க் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச்சேர அந்தக் கலவையை விட்டால் வேறு வழி இல்லை.

ஆக, கிராங்க் கேஸுக்கு ஒரு வாசல் வேண்டும். பிஸ்டன் ஏறும்போது திறக்க வேண்டும், இறங்கத் தொடங்கியதும் மூட வேண்டும்.

இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1891இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் இதற்கு மடல் ஒன்றை வைத்தார். உள்ளே வெற்றிடம் வந்தால் மடல் தானே திறக்கும், அழுத்தம் வந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். கிணற்றடிக் கைப்பம்புக்குள் இருக்கும் தோல் வால்வின் வேலைதான். மறு ஆண்டே அவருடைய பட்டறை ஊழியர் ஃபிரெடெரிக் காக் அந்த மடலையே எடுத்துவிட்டார். சிலிண்டர் சுவரில் ஒரு துளை போட்டு, பிஸ்டனின் அடிவிளிம்பே அதைத் திறந்து மூடும்படி செய்தார். எஞ்சினில் வால்வு என்று ஒரு உறுப்பே இல்லாமல் போனது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், அசையும் பாகங்கள் மூன்றே மூன்று. ஒரு சாதாரணத் தொழிலாளியின் இந்த யோசனை அடுத்த நூறாண்டுக் காலம் உலகின் கோடிக்கணக்கான எஞ்சின்களை ஓட்டியது. காக்கின் பெயரை மெக்கானிக்கல் பாடப் புத்தகங்கள் இன்னும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

மெக்கானிக்குகள் இதைப் பிஸ்டன் போர்ட் என்பார்கள். பிஸ்டனின் அடிவிளிம்புக்கு ஸ்கர்ட் என்று பெயர். பிஸ்டன் மேலே ஏறும்போது ஸ்கர்ட் துளையைத் தாண்டி உயர்ந்ததும் வாசல் திறக்கிறது. இறங்கி வரும்போது அதே இடத்தில் மூடுகிறது. சிக்கலும் அந்த 'அதே இடம்' என்பதில்தான். பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு 60 பாகை முன்பு வாசல் திறந்தால், மேல்முனையைத் தாண்டி 60 பாகை வரை அது திறந்தேதான் இருக்கும். முன்னால் எவ்வளவோ பின்னாலும் அவ்வளவு. சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 15 மில்லி செகண்ட். வாசல் 120 பாகை திறந்திருக்கிறது என்றால் 5 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் கலவை உள்ளே போயாக வேண்டும். வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்றுக்கு ஓர் உந்து இருக்கிறது. பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகும் அது நிற்காமல் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அந்த உந்து கிடையாது. பிஸ்டன் இறங்குகிறது, வாசலோ இன்னும் திறந்திருக்கிறது, கலவை வந்த வழியே திரும்புகிறது. கார்புரேட்டர் வாயில் மிதக்கும் அந்தப் பனிமூட்டம் இதுதான். திரும்பும்போது இன்னொரு முறை ஜெட்டைக் கடந்து பெட்ரோலை அள்ளிக்கொண்டு போய், மறுபடி உள்ளே வரும்போது மூன்றாம் முறையும் அள்ளுகிறது. அதனால்தான் மெதுவாக ஓட்டினால் பிளக் கருகுகிறது, எஞ்சின் பொக் பொக்கென்று திணறுகிறது.

ஆனாலும் சைக்கிள் எஞ்சின் செய்தவர்களில் ஏராளமானோர் பிஸ்டன் போர்ட்டையே எடுத்துக்கொண்டார்கள். வின்சென்சோ பியாட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து, இங்கிலாந்தின் கிராய்டனில் ட்ரோஜன் நிறுவனம் 1949 முதல் செய்த மினிமோட்டார் அதற்கு நல்ல சான்று. 49.9 சிசி. பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து, ஒரு உருளையை டயர்மேல் அழுத்தி வண்டியைத் தள்ளும். செயின் இல்லை, கியர் இல்லை. விலை ஏறினால் வாங்க ஆள் இருக்காது என்ற நிலையில் கழற்றி வைக்க முடிந்த எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்ட எஞ்சின் அது. அதற்கு ஸ்கர்ட்டே வால்வாக இருந்தால் போதும். குறை தெரியாமல் செய்த தேர்வு அல்ல இது. கூலி வேலைக்குச் சைக்கிளில் போகிறவரின் சட்டைப்பையை நினைத்துச் செய்தது.

வேறு சிலருக்கு அந்தக் குறை பொறுக்கவில்லை.

1947இல் ஹோண்டா சொந்தமாகச் செய்த ஏ டைப் எஞ்சினில், கலவை சிலிண்டர் சுவர் வழியாகப் போவதில்லை. கார்புரேட்டரைக் கிராங்க் கேஸின் பக்கவாட்டில் பூட்டி, உள்ளே ஒரு சுழலும் தட்டை வைத்தார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். தட்டு கிராங்க்கோடு சேர்ந்து சுழலும். வெட்டிய பகுதி துளைக்கு நேரே வரும்போது வாசல் திறக்கும், கடந்ததும் மூடும். இந்த ரோட்டரி டிஸ்க் வால்வின் அருமை, திறப்பதையும் மூடுவதையும் தனித்தனியே தீர்மானிக்கலாம் என்பதுதான். மேல்முனைக்கு 120 பாகை முன்பே திறந்து, தாண்டி 45 பாகையிலேயே மூடிவிடும்படி தட்டை வெட்டிக்கொள்ளலாம். இழுக்க நிறைய நேரம், துப்ப வாய்ப்புக் குறைவு.

அந்த ஏ டைப் 50 சிசியில் கொடுத்தது சுமார் அரைக் குதிரைத்திறன். ஓடும் சத்தத்தை வைத்து ஜப்பானியர்கள் அதற்கு 'பட்டா பட்டா' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். போருக்குப் பிந்தைய வறுமையில், சொந்த எஞ்சின் செய்து பழக்கமில்லாத ஒரு சிறு பட்டறை, எளிய வழி கையருகே இருக்கும்போது கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தது என்பது சாதாரண விஷயமல்ல.

இந்த வகையில் மிக அழகான வேலைப்பாடு ஒன்று உண்டென்றால் அது சைக்கிள்மாஸ்டர்தான். இங்கிலாந்தில் பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டே சைக்கிள்மாஸ்டரும் சந்தைக்கு வந்தது. செய்தது ஹேய்ஸ் என்ற ஊரிலிருந்த ஈ.எம்.ஐ. நிறுவனம். நாய் கிராமபோன் கேட்கும் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளை நம் தாத்தாக்கள் வைத்திருந்தார்களே, அந்த இசைத்தட்டுகளின் நிறுவனமேதான்.

சைக்கிள்மாஸ்டரை வாங்கியவர் எஞ்சினை வண்டியில் பூட்ட வேண்டியதில்லை. தம் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இந்தச் சக்கரத்தை மாட்டினால் போதும். நடுவே பெரிய வட்டப் பாத்திரம்போல் ஒரு ஹப். அதற்குள்ளேயே எஞ்சின், மேக்னெட்டோ, கிளட்ச் எல்லாம் அடங்கிக் கிடக்கும். முதல் மாதிரியின் கொள்ளளவு 25.7 சிசி, 1952இல் 32 சிசி ஆக்கினார்கள். 25.7 சிசி என்றால் ஒரு சுற்றுக்கு அது இழுக்கக்கூடிய காற்று அதிகபட்சம் ஐந்து தேக்கரண்டி அளவு. அதில் ஒரு கரண்டியைத் திரும்பத் துப்பினாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு டிஸ்க் வால்வு வைத்த காரணம் அங்கே இருக்கிறது. கார்புரேட்டரைப் பக்கவாட்டில் வைக்க முடிந்ததால் எல்லாவற்றையும் சக்கரத்துக்குள் நெருக்கி அடக்கவும் வழி கிடைத்தது.

கிடைத்த திறன் சுமார் 0.6 குதிரைத்திறன். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு குதிரைத்திறன் 746 வாட். சாதாரண மனிதர் சைக்கிள் மிதித்துக் களைப்பின்றி நீண்ட நேரம் தரக்கூடியது 75 முதல் 100 வாட். அப்படியானால் அந்த ஐந்து கரண்டிக் காற்று ஐந்தாறு ஆட்களின் கால்வலுவைக் கொடுத்தது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகலாம். மேடு வந்தால் கொஞ்சம் மிதித்துக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வால்வின் தரத்தை எடைபோடுவது தவறு. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், டிஸ்க் வால்வு வைத்த ஹோண்டா ஏ டைப் 10 குதிரைத்திறனைத் தொடுகிறது. டிஸ்க் வால்வு வைத்த சைக்கிள்மாஸ்டர் 23. ஒரே வகை வாசல், இரு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஹோண்டாவுக்கு அன்று கிடைத்த எரிபொருள் மிக மட்டமானது. பெட்ரோலோடு பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டிய காலம் அது. அதை வைத்துக்கொண்டு சிலிண்டரில் அழுத்தத்தைக் கூட்டவே முடியாது. கலவையை மேலே அனுப்பும் கால்வாய்கள், சைலன்சரின் வடிவம், பிஸ்டனின் தலை, இவையெல்லாம் சேர்ந்துதான் திறனைத் தீர்மானிக்கின்றன.

இதை நிரூபித்தவர்கள் கிழக்கு ஜெர்மனியில் இருந்தார்கள். எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற எஞ்சினியர், டேனியல் சிம்மர்மன் என்பவர் தம் ரேஸ் வண்டியில் பயன்படுத்தியிருந்த டிஸ்க் வால்வை எடுத்து, அதோடு விரிந்து சுருங்கும் சைலன்சரைச் சேர்த்தார். அந்தச் சைலன்சர், வெளியே ஓடப்பார்த்த கலவையை ஒலியலையின் பலத்தால் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. 1961இல் அவருடைய 125 சிசி ரேஸ் எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200! சைக்கிள்மாஸ்டரில் இருந்ததைப் போன்ற சுழலும் தட்டுதான் அங்கேயும் காற்றை அனுமதித்தது. அதே ஆண்டு காடனின் வண்டியை ஓட்டிய ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பி, சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டு 50 சிசி பிரிவில் முதல் உலக சாம்பியன் பட்டத்தைச் சுசுகி வண்டியில் வென்றார். அந்தச் சுசுகியும் ஹமாமட்சுவில், 1952இல் 36 சிசி 'பவர் ஃப்ரீ' என்ற சைக்கிள் எஞ்சினோடு வண்டித் தொழிலுக்குள் நுழைந்த தறி நிறுவனம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வெலோசோலெக்ஸ் முற்றிலும் வேறு பாதையில் போனது. அதைச் செய்தவர்கள் கார்புரேட்டர் தயாரிப்பில் பேர்போனவர்கள். ஆரம்ப 45 சிசி மாதிரியின் திறன் 0.4 குதிரைத்திறன்தான். எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே, டேங்க் அதைவிடத் தாழ்வாக. அப்படியானால் பெட்ரோல் மேலே ஏறுவது எப்படி? கிராங்க் கேஸில் மாறி மாறி வரும் வெற்றிடத்தையும் அழுத்தத்தையும் ஒரு மெல்லிய சவ்வோடு இணைத்து, அதையே பம்ப்பாக்கிவிட்டார்கள். பெட்ரோல் தேவைக்கு அதிகமாகவே மேலே வரும். மிஞ்சியது வழிந்து டேங்குக்கே திரும்பும். அதனால் கார்புரேட்டரில் மிதவை இல்லை, ஊசி வால்வு இல்லை, அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. எஞ்சினின் மூச்சே தனக்கு வேண்டிய பெட்ரோலையும் ஏற்றிக்கொண்டது. பாதிரியார், பள்ளி ஆசிரியை, மருத்துவச்சி என்று யந்திரம் பற்றி எதுவும் தெரியாதவர்கள் ஓட்ட வேண்டிய வண்டிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு அன்று வேறெதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. பிரான்சில் 1988 வரை அது தயாரிப்பில் இருந்தது.

காற்று வாசலுக்கு மூன்றாவது வழி ஒன்றையும் இத்தாலியர்கள் பிடித்தார்கள். தனியாகத் தட்டு எதற்கு, கிராங்க்கின் எடைச் சக்கரமே தட்டுதானே என்று பியாஜியோ நிறுவனத்தார் யோசித்தார்கள். கிராங்க் வெயிட்டின் ஓரத்தை வெட்டி, அதுவே கிராங்க் கேஸ் துளையைத் திறந்து மூடும்படி செய்தார்கள். வெஸ்பாவில் வந்த இந்த முறை, 1967இல் சியாவோ மொபெட்டிலும் வந்தது. அந்தச் சியாவோவின் உரிமத்தை வாங்கித்தான் கைனெடிக் எஞ்சினியரிங் 1972இல் லூனாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. கிராங்க் வெயிட்டுக்கும் கேஸுக்கும் இடையே இடைவெளி மயிரிழை அளவுதான். பேரிங் தேய்ந்து கிராங்க் உரச ஆரம்பித்தால் அந்த முகப்பில் கோடு விழும். கோடு விழுந்தால் வாசல் ஒழுகும், பிறகு பிஸ்டன் மாற்றினாலும் இழுவை திரும்பாது.

கடைசியில் ஜோசப் டேயின் மடல் திரும்பி வந்தது. இன்று அதற்குப் பெயர் ரீட் வால்வு. மெல்லிய இதழ்கள் கூடாரம்போல் சாய்ந்த ஒரு சட்டத்தின்மேல் படிந்திருக்கும். எஞ்சின் இழுத்தால் விரியும், தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். பாகை கணக்கு எதுவும் வேண்டாம்; எந்த வேகத்திலும் எஞ்சினுக்குத் தேவையான நேரத்துக்கு மட்டும் திறக்கும். யமஹா 1972 வாக்கில் இதைத் தன் வண்டிகளில் பரவலாகக் கொண்டுவந்தது. 1985இல் இந்தியச் சாலைக்கு வந்த ஆர்எக்ஸ் 100 அப்படிப் பாய்ந்ததற்கு இந்த இதழ்களுக்கும் பங்கு உண்டு. 1949இல் பிறந்த பிரான்சின் மோபிலெட் மொபெட்டுகள்கூட வெகுகாலம் பிஸ்டன் போர்ட்டோடு ஓடிவிட்டு, ஏவி 10 எஞ்சினில்தான் ரீட் வால்வுக்கு மாறின. மோபிலெட் செய்த மோட்டோபெகான் நிறுவனத்தின் உரிமத்தில் திருப்பதியில் உருவானதுதான் நம் ஊர்த் தெருக்களில் ஓடிய சுவேகா.

இந்த வண்டிகள் இப்போது மறுபடி மதிப்புப் பெறுகின்றன. கொட்டகையிலிருந்து எடுத்து, துடைத்து, ஓட வைக்கும் இளைஞர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இழுவை இல்லையென்றால் உடனே சிலிண்டருக்குப் போர் போட நினைக்க வேண்டாம். முதலில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள கேஸ்கெட்டையும், கிராங்க்கின் இரு பக்க ஆயில் சீலையும் பாருங்கள். பல ஆண்டு நின்ற வண்டியில் சீல் காய்ந்து வெடித்திருக்கும். அது வழியாகக் காற்று அடித்தால் வாசல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

பிஸ்டன் போர்ட் எஞ்சினில் ஸ்கர்ட்டை அரத்தால் தேய்த்தால் வேகம் கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மைதான், வாசல் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஆனால் ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டர் உள்ள எஞ்சினில் 2 மில்லிமீட்டர் தேய்த்தால் ஏறத்தாழ 12 பாகை கூடிவிடும். 120 பாகை 132 ஆகும். உச்ச வேகத்தில் கிடைக்கும் அந்தச் சிறு ஆதாயத்துக்காக, மெதுவாகப் போகும்போதும் மேடேறும்போதும் கலவையைத் துப்பும் எஞ்சின் கையில் மிஞ்சும். சைக்கிள் எஞ்சின் தன் வாழ்நாளில் முக்கால்வாசி மெதுவாகத்தான் ஓடுகிறது. தேய்த்த பிஸ்டனில் உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பழைய வண்டிகளுக்குப் புதுப் பிஸ்டன் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அரத்தை எடுக்கும் முன் ஒரு புது கேஸ்கெட்டும் இரண்டு ஆயில் சீலும் போட்டு ஓட்டிப் பாருங்கள்.